டோக்கனக்காவும் ஏழாம் நம்பர் வீட்டு ஏணியும்

பல் டாக்டரிடம் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தும் அந்த டாக்டரிடம் ஒரு தடவைகூட வாயைத் திறந்து காட்டாத ஆள் ஒருத்தி உண்டென்றால் அது டோக்கனக்காதான். அவள் வாயே திறக்காதவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காலை ஒன்பது மணிக்குத் திறக்கும் வாய், கிளினிக் கதவைச் சாத்தும்வரை மூடாது. "மூணாம் நம்பர் யாரு? தம்பி, செருப்பு வெளிய. அம்மா, இந்தப் பக்கம் சாயாதீங்க, அந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை." இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் நாற்காலியில் மட்டும் உட்கார மாட்டாள். அதைத் துடைக்கும்போதுகூட ஒரு கை தள்ளி நின்றுதான் துடைப்பாள்.

கிளினிக் முதல் மாடியில். அதற்கு நேர் கீழே டயர் கடை. கீழே காற்றடிக்கும் மெஷின் 'புஸ்ஸ்' என்று சீறும்; மேலே பல் துளைக்கும் மெஷின் 'ங்ஙீ' என்று இழுக்கும். இரண்டுக்கும் நடுவே காத்திருப்பவர்கள் மாடிப்படியையே திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். சுவரில் கை கால் முளைத்த ஒரு பல், கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தபடி தனக்குத்தானே பிரஷ் போட்டுக்கொண்டிருக்கும் படம். பயத்தைப் போக்க மாட்டியது. அதைப் பார்த்து அழுத பிள்ளைகளின் எண்ணிக்கை கொஞ்ச நஞ்சமல்ல.

அங்கேதான் டோக்கனக்கா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, வட்ட வட்டமான டோக்கன்களைக் கொடுத்துக்கொண்டும், கூட்டம் இல்லாத நேரத்தில் 'ஏழாம் நம்பர் வீட்டு ஏணி'யைப் படித்துக்கொண்டும் காலம் தள்ளினாள்.

அது பிள்ளைகளுக்கான நாவல். ஒன்பது வயதில் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்ததற்குக் கிடைத்த பரிசு. முதல் பரிசு மூடியிலேயே டம்ளர் வைத்த தண்ணீர் பாட்டில். பாட்டில் கிடைக்கவில்லை என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதாள். சாயங்காலம் அழுகையை நிறுத்திவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். அதற்கப்புறம் பாட்டில் என்ற ஒன்று உலகத்தில் இருந்ததே அவளுக்கு ஞாபகம் இல்லை.

அந்தப் புத்தகத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டால், நேர்மையான பதில்: ஒன்றும் நடக்காது. ஒரு தெரு. அந்தத் தெருவில் ஏழாம் நம்பர் வீட்டில் மட்டும் ஓர் ஏணி. தெரு முழுக்க அந்த ஒரே ஏணியை இரவல் வாங்குகிறது. பூனையை இறக்க ஒருவர், பல்பு மாட்ட ஒருவர், அண்ணன் தம்பிச் சண்டையில் மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்ட பெரியப்பாவைச் சமாதானப்படுத்தி இறக்க ஒருவர். திருப்பித் தர மறக்கிறார்கள். பிள்ளைகள் ஏணியைத் தேடிப் போகிறார்கள். பதினான்கு அத்தியாயமும் இவ்வளவுதான். திருடன் இல்லை, புதையல் இல்லை, மந்திரவாதி எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

ஆனாலும் அவள் அதை எத்தனை தடவை படித்தாள் என்று சொல்லி மாளாது. பரீட்சைக்கு முந்தின நாள் படித்தாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் படித்தாள். பிரசவத்துக்குப் போன பையில் குழந்தைத் துணிக்கு நடுவில் அது இருந்தது. ஒன்பது வயதில் அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து சுவர் ஏறிக் குதித்தாள். இருபத்தைந்தில் படித்தபோது, ஜன்னலுக்கு ஜன்னல் அம்மாக்கள் பேசிக்கொள்வது புதிதாகக் காதில் விழுந்தது. நாற்பதில் படித்தபோது, 'ஏணி இல்லை' என்று ஒருத்தரிடமும் சொல்லத் தெரியாமல் நெளியும் ஏழாம் நம்பர் வீட்டு அப்பாவைப் பார்த்து அப்படிச் சிரித்தாள். அந்த மனுஷன் இத்தனை வருஷமாக எங்கே ஒளிந்திருந்தார் என்று அவளுக்கே ஆச்சரியம்.

பூட்டு ரிப்பேர் செய்யும் அவள் கணவர் ஒருநாள் கேட்டே விட்டார். "ஏம்மா, நாற்பத்தாறு வயசுல சின்னப் பிள்ளைங்க புக்கா?"

"பெரியவங்க புக்குல பத்தாம் பக்கத்துல ஒருத்தர் செத்துப் போறாருங்க. யார் கொன்னதுன்னு மீதி நானூறு பக்கம் தேடணும். எனக்கு எதுக்கு அந்த வேலை? இதுல ஏணி யார் வீட்டுல இருக்குன்னு தேடினா போதும்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, யார் வீட்டுல இருக்கு?" என்றார். ஆள் விழுந்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது.

சத்தமாகப் படிக்க ஆரம்பித்தது ஒரு சனிக்கிழமை. முன் பல் இரண்டும் விழுந்த ஒரு எட்டு வயதுப் பெண், கடைவாய்ப் பல் சொத்தைக்காக வந்திருந்தாள். உள்ளே மெஷின் சத்தம் கேட்டதும் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டு சைரன் மாதிரி அழுதாள். டோக்கனக்காவுக்கு வேறு வழி தெரியவில்லை. மடியில் இருந்த புத்தகத்தை எடுத்து முதல் அத்தியாயத்தைப் படித்தாள். நாலாவது வரியில் சைரன் நின்றது. பத்தாவது வரியில் முந்தானைக்குள்ளிருந்து தலை வெளியே வந்தது. அத்தியாயம் முடிந்தபோது அந்தக் குட்டி மட்டுமல்ல, வரிசையில் இருந்த ஏழு பேரும் கண்ணாடித் தடுப்பை ஒட்டி நின்றார்கள்.

அடுத்த சனிக்கிழமை இரண்டாவது அத்தியாயம். அதற்கடுத்தது மூன்றாவது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. நான்காவதில்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

கீழே டயர் கடை வைத்திருப்பவர் அன்று பல்லைப் பிடித்துக்கொண்டு மேலே வந்திருந்தார். லாரி டயரை ஒற்றைக் கையால் உருட்டுகிற ஆள். அவர் நடுங்கிய நடுக்கத்தில் கால் குட்டையான பெஞ்ச் தாளம் போட்டது. புத்தகத்தில் அப்போது ஏணி சந்தின் குறுக்கே சிக்கிக்கொண்டு தெருவே நிற்கிறது. 'யாரோ ஒருவர் வந்து தூக்கி விட்டார்' என்று அச்சாகியிருந்தது. டோக்கனக்கா அந்த மனுஷனைப் பார்த்தாள். கண் புத்தகத்தில் இருக்க, வாய் தானாகச் சொன்னது: "அப்போது மூலைக்கடை டயர்க்காரர் வந்தார். 'நகருங்கப்பா' என்றார். ஏணியை ஒரு குச்சியைத் தூக்குவதுபோலத் தூக்கினார்."

பெஞ்ச் தாளம் நின்றது. "புக்குல டயர் கடை இருக்கா?" என்றார் அவர்.

"இருக்குண்ணே. பெரிய ஆளாம்."

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார். ஊசி போடும்போது 'ஹும்' என்றுகூடச் சொல்லவில்லையாம்.

அதோடு விட்டிருக்கலாம். ருசி கண்ட வாய் விடுமா? அடுத்த வாரம் ஈறு வீக்கத்தோடு வந்த கணக்கு டீச்சருக்காக ஏணிப் படிகளை எண்ணும் ஒரு கணக்கு டீச்சர் அந்தத் தெருவுக்குக் குடிவந்தார். முன் பல் விழுந்த குட்டிக்காக, முன் பல் விழுந்த ஒருத்தி சுவரேறினாள். பன்னிரண்டாவது அத்தியாயம் வருவதற்குள் அச்சில் பதினேழு பேர் இருந்த தெருவில் முப்பது பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். டோக்கனக்கா ஒவ்வொருவருக்கும் என்ன சொன்னோம் என்று நினைவு வைத்துக்கொள்ள முடியாமல் திணறினாள்.

கிளினிக்கோ தலைகீழாகப் போனது. எங்கும் முதல் நம்பருக்குத்தான் சண்டை நடக்கும். இங்கே கடைசி நம்பருக்கு நடந்தது. "நீங்க முன்னாடி போங்க, எனக்கு அவசரமில்ல" என்று கன்னம் வீங்கியவர்கள் தாராள மனதோடு டோக்கனை மாற்றிக்கொண்டார்கள். ஒரு சனிக்கிழமை, மகனுக்குத் துணையாக வந்த ஒருவர், மகன் கதையை விட்டு எழ மறுத்ததால் மகனின் டோக்கனோடு தானே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் அவருடைய நல்ல பல்லைப் பத்து நிமிஷம் தட்டித் தட்டிப் பார்த்து, "இது பாறை மாதிரி இருக்கே, யார் சொன்னா சொத்தைன்னு?" என்று குழம்பினார். வலியே இல்லாத ஆட்கள் வலிக்கிறது என்று வந்து, எந்தப் பல் என்று கேட்டால் முழித்தார்கள்.

இந்த ஆட்டம் பாட்டத்துக்கு நடுவில் ஒரு பயம் மட்டும் டோக்கனக்காவை அரித்தது. கணக்கு டீச்சர் இரண்டு முறை கேட்டுவிட்டார்: "அந்தப் புக்கைக் கொஞ்சம் குடுங்களேன், எங்க ஸ்கூல் பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டறேன்." அரை மார்க் தப்புக்கும் சிவப்பு மையைத் திறக்கிற ஆள் அவர். ஒரு பக்கம் புரட்டினால் போதும், குட்டு வெட்டவெளிச்சம். இத்தனை பேரையும் இத்தனை வாரமாக ஏமாற்றியவள் என்று ஆகிவிடும். குறிப்பாக அந்த டயர் கடை அண்ணன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "என்னை மாதிரியே ஒரு ஆள் புக்குல இருக்காரு" என்று சொல்லித் திரிகிறார். அவர் முகத்தில் எப்படி முழிப்பது? டோக்கனக்கா புத்தகத்தை டிராயரில் பூட்டி, கணவரிடம் சொல்லி அந்தப் பூட்டை இன்னும் பலமாக மாற்றிக்கொண்டாள்.

கடைசி அத்தியாயம் வரும் சனிக்கிழமைக்கு முந்தின புதன்கிழமை அவளுடைய மேல் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. நாலு வருஷமாக அது முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது. அவள் இடது பக்கமே மென்று காலத்தை ஓட்டினாள். வியாழன் வாயைக் கட்டினாள். வெள்ளி லீவு போட்டாள். சனிக்கிழமை காலை கண்ணாடியில் பார்த்தால் கன்னம் ஒரு பக்கம் பன்னாக உப்பி, கண் பாதி மூடியிருந்தது. பேச வாயைத் திறந்தால் 'ங்' என்றுதான் வந்தது.

கிளினிக்குக்கு வந்தால், அதற்கு முன் ஒரு நாளும் காணாத கூட்டம். மாடிப்படி முழுக்க ஆள். டயர் கடைக்காரர் கடையை மூடிவிட்டு, தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். டோக்கனக்கா முகத்தை மறைத்துக்கொண்டு, ஒரு தாளில் 'கதை அடுத்த வாரம்' என்று எழுதி உயர்த்திப் பிடித்தாள்.

ஒரே கூச்சல்.

"அதெல்லாம் முடியாது அக்கா! ஏணி யார்கிட்டன்னு தெரிஞ்சாகணும்!" என்றாள் குட்டி.

"உங்களால முடியலைன்னா புக்கைக் குடுங்க, நான் படிக்கிறேன்" என்று கை நீட்டினார் கணக்கு டீச்சர்.

டோக்கனக்கா, டிராயரில் வைக்காமல் கையோடு வைத்திருந்த புத்தகத்தை மார்போடு கட்டிப்பிடித்துக்கொண்டாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். வெளியே சந்தை மாதிரி இரைச்சலும் உள்ளே காலி நாற்காலியுமாக இருந்ததால், டாக்டரே கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவள் கன்னத்தைப் பார்த்ததும் நின்றார்.

"என்னம்மா இது? எத்தனை நாளா? பத்தொன்பது வருஷமா என்கூட இருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உள்ள வாங்க."

அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

"என்ன, டோக்கனக்காவுக்குப் பயமா?" என்று யாரோ கேட்டார்கள். அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் 'எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்' என்று சொல்லி உள்ளே அனுப்பியவள் அவள்தான்.

நாற்காலியா, புத்தகமா? டோக்கனக்கா ஒரு கணம் யோசித்தாள். நாற்காலியில் உயிர் போகும். புத்தகத்தைக் கொடுத்தால் மானம் போகும். உயிர் போனாலும் பரவாயில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கடித்த பல் உயிரை எடுத்ததால் கடித்ததை விட்டுவிட்டு, புத்தகத்தை அக்குளில் இடுக்கியபடி உள்ளே நடந்தாள். டயர் கடைக்காரர் தடுப்புக்குப் பின்னால் இருந்த ஒன்றாம் நம்பர் டோக்கனை எடுத்து அவள் கையில் திணித்தார்.

நாற்காலி சாய்ந்தது. விளக்கு முகத்துக்கு மேல் வந்தது. வாய் மூடாமலிருக்க டாக்டர் ரப்பர் கட்டை ஒன்றை வைத்தார். "பல்லைப் பிடுங்க வேண்டாம்மா. சின்னத் துளை போட்டுச் சீழை வெளியேத்தினா போதும், வலி போயிடும். முதல்ல இந்தப் புக்கை விடுங்க." அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். எடுத்தவர் மேஜையில் வைத்திருக்கலாம். அவரோ கதவைத் திறந்து, "யாராவது இதைச் சத்தமா படிங்க. இந்த அம்மா கை நடுங்குது, கதை கேட்டா நிக்கும். எனக்கும் கேக்கணும்" என்று வெளியே நீட்டிவிட்டார்.

"ஆ! ஆஆ!" என்று அலறினாள் டோக்கனக்கா.

"என்னம்மா, இன்னும் ஊசியே போடலையே!"

வெளியே கணக்கு டீச்சரின் குரல் ஆரம்பித்தது. கணீரென்ற குரல். ஏழாம் நம்பர் வீட்டுக்காரர்கள் அதே தெருக்கோடியில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோகிறார்கள். அந்த வீட்டுப் படிக்கட்டு இடித்துக் கட்டிக்கொண்டிருப்பதால், பாத்திரம் பண்டமெல்லாம் ஏணி வழியாகத்தான் ஏறியாக வேண்டும். தெருவே ஏணியில் நிற்கிறது. டோக்கனக்காவுக்கு வரிக்கு வரி மனப்பாடம். இதோ, ஏணி சாத்துகிற இடம் வந்துவிட்டது. இங்கே கணக்கு டீச்சர் படி எண்ண வேண்டும். அச்சில் அப்படி ஒரு ஆளே கிடையாது.

குரல் நின்றது. தாள் முன்னும் பின்னும் புரளும் சத்தம் கேட்டது. ஒரு பக்கம், இரண்டு பக்கம், பின்னால் ஐந்தாவது அத்தியாயம்வரை புரட்டுகிறார் போலிருந்தது. டோக்கனக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஊசி ஏறியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

டீச்சர் தொண்டையைச் செருமினார். "'பதினொன்றாவது படி ஆடுகிறது, யாரும் அதில் கால் வைக்கக் கூடாது' என்றார் கணக்கு டீச்சர்."

டோக்கனக்கா கண்ணைத் திறந்தாள்.

"குடுங்க டீச்சர், அடுத்தது நம்ம ஆளு வர்ற இடம்" என்று டயர் கடைக்காரர் வாங்கினார். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். இரண்டு வரி வந்தது. அப்புறம் வரவில்லை. "இதுல..." என்றார். குரல் தேய்ந்துவிட்டது. "இதுல நான்..."

"நல்லாப் பாருங்க. இருக்கு" என்றார் டீச்சர், வகுப்பில் சொல்வது மாதிரி.

தாள் ஒன்று புரண்டது, மறுபடி திரும்பிப் புரண்டது.

"ஆமா, ஆமா. இருக்கு, இருக்கு," என்றார் அவர். அப்புறம் எழுத்துக் கூட்டாமல் மடமடவென்று வந்தது. "அப்போது டயர்க்காரர் பீரோவை முதுகில் தூக்கிக்கொண்டு ஒரே மூச்சில் ஏணி ஏறினார்."

"ஒரு ஆளா? இரும்பு பீரோவையா?" என்றார் டீச்சர்.

"புக்குல அப்படித்தான் போட்டிருக்கு டீச்சர்!"

சிரிப்பு வெடித்தது. புத்தகம் கை மாறியது. மாறிய ஒவ்வொரு கையும் ஒரு நொடி திகைத்து, அப்புறம் தன்னைத் தானே ஏணியில் ஏற்றிக்கொண்டது. ஒருவர் கட்டிலோடு ஏறினார். ஒருவர் தையல் மெஷினோடு ஏறினார். நல்ல பல்லைத் தட்டக் கொடுத்த அப்பா, யாரும் கேட்காமலே மாடியிலிருந்து எல்லாவற்றையும் வாங்கி வைத்தார். டாக்டர் மெஷினை ஓடவிடுவார், சத்தத்தில் கதை கேட்கவில்லை என்று நிறுத்துவார், மறுபடி ஓடவிடுவார். "சிரிக்காதீங்கம்மா, கை தவறிடும்" என்று சொல்லிவிட்டு அவரே குலுங்கினார். ரப்பர் கட்டை வைத்த வாயோடு சிரிக்க முடியுமா? டோக்கனக்கா சிரித்தாள். கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது. யாருக்கும் கோபமில்லை, யாருக்குமே கோபமில்லை என்று மனசு கும்மாளமிட்டது.

கடைசிப் பக்கம் குட்டியிடம் போனது. அவள் விரலை வரியில் வைத்து, விழுந்த பல்லின் சந்தில் காற்று வர, சத்தமாகக் கேட்டாள்: "ஐயய்யே! இதுல டயர் மாமா இல்லவே இல்லையே? நானும் இல்ல!"

வெளியே சிரிப்பு பட்டென்று நின்றது. குட்டி எல்லோர் முகத்தையும் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் மூடியிருந்த அறைக் கதவைப் பார்த்திருக்க வேண்டும். "ஓ" என்றாள் மெதுவாக.

மறுபடி படித்தாள். "'எல்லோரும் ஏறினார்கள். கடைசிச் சாமான் மேலே போகும்வரை கீழே யாரோ ஒருவர் ஏணியை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.' யாரோன்னா யாரு?"

"நீயே சொல்லு" என்றார் டீச்சர்.

"எனக்குத் தெரியுமே. 'கடைசிச் சாமான் மேலே போகும்வரை கீழே டோக்கனக்கா ஏணியை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.' அவ்வளவுதான். முடிஞ்சுது."

டாக்டர் மெஷினை வைத்துவிட்டு, ரப்பர் கட்டையை எடுத்தார். "முடிஞ்சுதும்மா. ஏன் இப்படி அழறீங்க, வலிக்குதா?"

டோக்கனக்கா இல்லை என்று தலையாட்டினாள். தெரு கொள்ளாத அளவுக்கு ஆள் சேர்த்தவளுக்குத் தன்னை ஒரு மூலையில் நிறுத்தத் தோன்றியதே இல்லை. அந்தப் புத்தகத்தில் முப்பத்தேழு வருஷமாகத் தனக்கு இடமில்லாமல் இருந்தது அவளுக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. தெரிந்த கையோடு இடமும் கிடைத்துவிட்டது.